குழந்தைகளின் பற்கள்: பெற்றோரும் தாத்தா பாட்டியரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகளுக்குப் பல் மருத்துவம் பார்ப்பவரிடம் கேட்கப்படும் கேள்விகளில் பாதி, குழந்தை நாற்காலியிலிருந்து இறங்கிய பிறகு, பெற்றோர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் வருகின்றன. அந்த அவசரத்தில் ஒரு வரியில் சொன்ன விடைகளை இங்கே சற்று விரிவாக எழுதியிருக்கிறேன். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் சேலம், தருமபுரி வட்டாரத்தினர் என்பதால் எடுத்துக்காட்டுகளும் அந்த வீடுகளிலிருந்தே வருகின்றன.

விழப்போகிற பால் பல்தானே, அதற்கு ஏன் இவ்வளவு அக்கறையும் செலவும்?

இதைக் கேட்காத குடும்பம் மிகக் குறைவு. பால் பற்கள் மொத்தம் 20. அவற்றில் முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. நான்கு வயதில் கடைவாயில் சொத்தை விழுந்தால், அந்தப் பல்லை வைத்துக்கொண்டு குழந்தை இன்னும் ஆறேழு ஆண்டுகள் சோறு மென்றாக வேண்டும். வலிக்கிற பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தில் மட்டும் மெல்லும் குழந்தை, நாளடைவில் கடினமான உணவையே ஒதுக்கிவிடுகிறது. "இட்லி, தோசையைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறான்" என்று குறைப்பட்டுக்கொண்டு அழைத்துவரப்பட்ட குழந்தைகளில் சிலருக்குப் பல் வலிதான் காரணமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, பால் பல் தனக்கு அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறது. பேருந்தில் ஜன்னல் வழியே துண்டு போடுவதைப் போன்ற வேலைதான் அது. துண்டைக் காலத்துக்கு முன்பே எடுத்துவிட்டால், பின்னாலிருக்கும் பல் முன்னோக்கிச் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். கீழிருந்து வரும் பல் கோணலாக முளைக்கும், அல்லது வெளியே வர வழியில்லாமல் தாடைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பால் பல்லின் வேரடியில் நீண்ட நாள் சீழ் தங்கினால், அடியில் வளரும் நிரந்தரப் பல்லின் எனாமலிலும், அதாவது பல்லின் கடினமான மேல் உறையிலும், வெள்ளை அல்லது பழுப்புத் தழும்பு விழக்கூடும்.

மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்கிறார்களே? பல் முளைக்கும்போது காய்ச்சலும் பேதியும் வருவது இயல்புதானா?

வழக்கமாக ஆறாவது மாதத்தையொட்டிக் கீழ் முன்பற்கள் இரண்டும் முதலில் எட்டிப்பார்க்கும். இரண்டரை முதல் மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும். சில மாதங்கள் முன்பின்னாவதும், சில குழந்தைகளுக்கு மேல் பல் முந்திக்கொள்வதும் இயல்பே. குழந்தையின் தாடைக்கு மாமனின் ஜாதகம் தெரியாது. ஒன்றேகால் வயதாகியும் ஒரு பல்லும் வரவில்லை என்றால் மட்டும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

பல் முளைக்கும்போது ஜொள்ளு வடியும், ஈறு சிவந்திருக்கும், குழந்தை எதைக் கண்டாலும் கடிக்கும், உடம்பு இலேசாகச் சுடும். ஆனால் நல்ல காய்ச்சலையும் பேதியையும் பல்லின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அந்த வயதில்தான் குழந்தை தவழ்ந்துபோய்த் தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது. தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்பு ஆற்றலும் அப்போதுதான் குறைகிறது. பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் மருத்துவரின் கவனிப்பும் தேவை. "பல் முளைக்கிறது, சரியாகிவிடும்" என்று காத்திருந்து உடம்பில் நீர் வற்றிப்போன குழந்தைகள் உண்டு. ஈற்றில் தடவும் மரப்பு ஜெல்கள் இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு வேண்டாம். குளிர்ந்த, சுத்தமான ஈரத்துணியைக் கடிக்கக் கொடுப்பது போதும். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் தடவுவதும் கூடாது.

எந்த வயதிலிருந்து பேஸ்ட் போட்டுத் துலக்கலாம்? எந்தப் பேஸ்ட், எவ்வளவு?

முதல் பல் தெரிந்த நாளிலிருந்து. மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவும், மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும். விளம்பரங்களில் பிரஷ்ஷின் தலை முதல் கால் வரை சுருள் சுருளாகப் பிதுக்கிக் காட்டுவது பேஸ்ட் விற்பதற்கான அளவு. பல் துலக்குவதற்கு அவ்வளவு தேவையில்லை.

பேஸ்ட்டில் பார்க்க வேண்டியது நிறமோ பழ வாசனையோ அட்டையில் சிரிக்கும் கார்ட்டூனோ அல்ல. சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு என்ற உப்பு எத்தனை பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, என்பதுதான். இந்தியாவில் விற்கும் பேஸ்ட்டில் ஃப்ளோரைடு 1000 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்பதும், அளவை டியூபில் அச்சிட வேண்டும் என்பதும் சட்டம். சொத்தையைத் தடுக்க அந்த 1000-க்கு அருகில் இருப்பதே பயன் தரும். குழந்தைகளுக்கென்று விற்கப்படும் பல பேஸ்ட்டுகளில் அதில் பாதிதான் இருக்கிறது. சிலவற்றில் அறவே இல்லை. ஆகவே, "குழந்தைகளுக்கானது" என்ற சொல்லை நம்பி வாங்குவதைவிட, வீட்டுப் பெரியவர்களின் ஃப்ளோரைடு பேஸ்ட்டை அரிசி மணி அளவு எடுப்பது பல வேளைகளில் நல்லது. இதைக் கேட்டதும் பெற்றோர் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடும். விழுங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அது. அரிசி மணி அளவை விழுங்குவதால் கெடுதல் இல்லை. கெடுதல் வருவது குழந்தை டியூபையே வாயில் வைத்துச் சப்பும்போதுதான். டியூபை அதன் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பச் சொல்லுங்கள். குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வைத்தால், பல்லின் மேல் தங்கி வேலை செய்ய வேண்டிய ஃப்ளோரைடும் தண்ணீரோடு போய்விடும்.

எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு அதிகம் என்கிறார்கள். அதற்கு மேல் பேஸ்ட்டிலும் வேண்டுமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார் இதைக் கேட்பது நியாயமானது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அங்குள்ள பல நிலத்தடி நீர் ஆதாரங்களில் தாண்டியிருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே "ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு" என்பது சேர்ந்திருப்பதன் காரணமும் அதுதான். ஃப்ளோரைடு மிகுதியால் பல்லிலும் எலும்பிலும் வரும் பாதிப்பே ஃப்ளோரோசிஸ். கிணற்று நீருக்குப் பதிலாகக் காவிரி நீர் தருவது அதன் நோக்கம்.

நிரந்தரப் பற்கள் ஈற்றுக்குள் உருவாகும் காலத்தில், அதாவது ஏறத்தாழ எட்டு வயது வரை, இந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் எனாமலில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கோடுகளும், கடுமையானால் பழுப்புக் கறையும் குழிகளும் ஏற்படும். அவை தேய்த்தால் போகும் கறைகள் அல்ல. "ஒழுங்காகப் பல் விளக்கமாட்டாயா?" என்று பள்ளியில் எல்லோர் முன்னாலும் கேட்கப்பட்ட ஒரு சிறுமி, உப்பையும் சாம்பலையும் வைத்து ஈறு கிழியும் வரை தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள். அந்தக் கறையில் அவள் தவறு எதுவும் இல்லை.

தண்ணீரைக் காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். குழாயில் வரும் காவிரி நீரையோ ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரையோ குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, கிணற்று நீரை மற்ற வேலைகளுக்குப் பயன்படுத்துங்கள். பேஸ்ட்டை நிறுத்த வேண்டியதில்லை. அளவைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்து, துப்பவும் கற்றுக்கொடுத்தால் போதும். உங்கள் தண்ணீரின் அளவு தெரிந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் அதற்கேற்ப முடிவு செய்வார்.

ஐந்து வயதுக் குழந்தை தானே அழகாகத் துலக்கிக்கொள்கிறது. நாங்களும் துலக்கிவிட வேண்டுமா?

வேண்டும், ஏழெட்டு வயது வரை. தன் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொள்ளவும் ஷூ நாடாவை முடிச்சுப் போடவும் தெரியாத விரல்களால், கண்ணுக்குத் தெரியாத கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்தைச் சுத்தம் செய்ய முடியாது. அது துலக்கட்டும், பழகட்டும். அது முடித்தபின் பிரஷ்ஷை நீங்கள் வாங்கி ஒருமுறை துலக்கிவிடுங்கள்.

வாஷ்பேசின் முன்னால் எதிரும் புதிருமாக நின்று துலக்கிவிட முயன்றால் இருவருக்கும் சண்டைதான் மிஞ்சும். இரவில் பாய் விரித்ததும் நீங்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து அதன் தலையை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தலையில் பேன் பார்க்கும் தாய்மார்களுக்கு இந்த இருக்கை புதிதல்ல. இப்போது வாய் முழுவதும் உங்களுக்கு மேலிருந்து தெரியும். இடது கை ஆள்காட்டி விரலால் உதட்டையும் கன்னத்தையும் விலக்கிப் பிடித்து, சிறிய தலையும் மென்மையான தூவிகளும் உள்ள பிரஷ்ஷைப் பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் சாய்வாக வைத்து, சின்னச் சின்ன வட்டமாக ஓட்டுங்கள். மேல் உதட்டின் நடுவில் ஈற்றோடு ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வின் மேல் பிரஷ் இடித்தால் குழந்தைக்குச் சுரீரென்று வலிக்கும். ஒருமுறை வலித்தால் மறுநாள் வாயைத் திறக்காது. அந்த இடத்தை விரலால் மூடிக்கொண்டு துலக்குங்கள். கீழ்க் கடைவாயின் நாக்குப் பக்கமும், மேல் கடைவாயின் கன்னப் பக்கமும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும் இடங்கள். இரண்டு நிமிடம் போதும். ஒரு பாட்டு பாடி முடிக்கும் நேரம். ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும் கடைவாய்ப் பற்களுக்கு இடையில் மட்டும் பிரஷ் நுழையாது. அங்கே பல்நூலை, அதாவது ஃப்ளாஸை, ஓட்டிவிடப் பழகுங்கள்.

காலையில் துலக்குகிறோமே, இரவிலும் ஏன்?

ஒரே வேளைதான் முடியும் என்றால் நான் இரவைத்தான் சொல்வேன். நம் வழக்கம் நேர்மாறானது. எழுந்ததும் பல் துலக்காமல் காப்பி குடிப்பவரை ஏளனமாகப் பார்க்கிறோம். பாலைக் குடித்துவிட்டு அப்படியே தூங்கிப்போகும் குழந்தையைப் போர்த்திவிட்டு விளக்கை அணைக்கிறோம்.

வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. பகலில் எச்சில் ஓயாமல் சுரந்து அந்த அமிலத்தைக் கழுவியும் நீர்த்தும் விடுகிறது. கரைந்த சுண்ணாம்புச் சத்தையும் எனாமலுக்குத் திருப்பித் தருகிறது. தூக்கத்தில் எச்சில் சுரப்பு பெரிதும் குறைந்துவிடுவதால் அந்தப் பாதுகாப்பும் இல்லாமல் போகிறது. எனவே இரவு துலக்கியபின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக் கூடாது. படுக்கப் போகும்போது பால் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் பால், பிறகு பிரஷ். இனிப்பு சேர்த்த இருமல் மருந்துக்கும் இதே வரிசைதான்.

எங்கள் வீட்டில் இனிப்பே கொடுப்பதில்லை. பிறகு எப்படிச் சொத்தை வந்தது?

இதைச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. இனிப்பு என்றால் சாக்லேட், மிட்டாய், ஐஸ்கிரீம் என்று மட்டும் எண்ணுகிறார்கள். பாலில் கலக்கும் மால்ட் பொடியும், பாலில் தோய்த்துக் கொடுக்கும் பிஸ்கட்டும், கிரீம் பன்னும், பெட்டியில் அடைத்த பழச்சாறும் அவர்கள் கணக்கில் வருவதில்லை. பிஸ்கட்டும் சிப்ஸும் மாவாகக் குழைந்து கடைவாய்ப் பள்ளங்களில் அப்பிக்கொள்வதால், வாயில் கரைந்து போய்விடும் இனிப்பைவிட அதிக நேரம் தங்குகின்றன.

எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம். ஒவ்வொரு முறை இனிப்பு உள்ளே போகும்போதும் பல்லின் மேற்பரப்பு சில நிமிடங்களில் அமிலமாகி, பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரத்துக்கு மேலாகிறது. பண்டிகை நாளில் சாப்பாட்டோடு இரண்டு அதிரசம் தின்ற குழந்தைக்கு அது ஒரே தாக்குதல். ஒரு சின்ன பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மாலை நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை ஒவ்வொன்றாகக் கொறித்த குழந்தையின் பற்களோ மூன்று மணி நேரமும் அமிலத்தில் ஊறிக் கிடந்திருக்கின்றன. ஆகவே, இனிப்பைச் சாப்பாட்டு வேளையோடு சேர்த்துக் கொடுத்து அங்கேயே முடித்துவிடுங்கள். இடையில் பசித்தால் சுண்டல், வேர்க்கடலை, கொய்யா, வெள்ளரிக்காய், மோர் கொடுங்கள். வெல்லமும் கருப்பட்டியும் நல்லதுதானே என்பார்கள். பல்லின் மேலுள்ள நுண்ணுயிருக்கு அந்த வேறுபாடு தெரியாது. கடலை மிட்டாயும் ஒட்டிக்கொள்ளும் பண்டம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாயில் சோற்றை வாங்கிக் கன்னத்தில் அதக்கிக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் இப்போது அதிகம் வருகிறார்கள். பெரும்பாலும் கைப்பேசியில் படம் காட்டி ஊட்டப்படுபவர்கள். கண் திரையில் நிலைத்திருக்க, மெல்ல வேண்டும் என்பதே மறந்துவிடுகிறது. எந்தக் கன்னத்தில் அதக்குகிறார்களோ அந்தப் பக்கத்துக் கடைவாயில் வரிசையாகச் சொத்தை இருப்பதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம்தான் அதக்குவானா?" என்று கேட்டால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வியப்பார்கள். அரை மணி நேரத்தில் சாப்பாட்டை முடித்துத் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை பசி வந்து மெல்ல வைக்கும்.

பாட்டில் பாலை எப்போது நிறுத்த வேண்டும்? தாய்ப்பாலாலும் சொத்தை வருமா?

ஒரு வயதில் டம்ளருக்கு மாற்றத் தொடங்கி ஒன்றரை வயதுக்குள் பாட்டிலை முடித்துவிடுவது நல்லது. பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்கள் நான்கும் ஈறோரத்தில் முதலில் அரிக்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிவிடும். இந்த அமைப்பைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். பாட்டில் பழக்கத்தை உடனே நிறுத்த முடியாவிட்டால், பாலில் சர்க்கரையைக் குறைத்து, பிறகு ஒவ்வொரு நாளும் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் வெறும் தண்ணீராக்கிவிடுங்கள். நிப்பிளைத் தேனிலோ சர்க்கரையிலோ தொட்டுத் தராதீர்கள்.

தாய்ப்பாலைப் பற்றிக் குற்ற உணர்ச்சி தேவையில்லை. இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம். பற்கள் வந்து, மற்ற உணவுகளும் உண்ணத் தொடங்கிய குழந்தை இரவு முழுவதும் விட்டு விட்டுப் பால் குடித்து, பல்லும் துலக்கப்படாமல் இருந்தால்தான் சொத்தை வர வாய்ப்பு கூடுகிறது. படுக்கும் முன் துலக்கிவிடுவது இங்கும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றார்களே. வேப்பங்குச்சி, பல்பொடி, கரித்தூள் எல்லாம் கூடாதா?

மென்று தூவியாக்கிய குச்சியால் பக்குவமாகத் தேய்க்கத் தெரிந்த பெரியவர்களுக்கு அது பயன்பட்டது உண்மை. குழந்தைக்கு அந்தப் பக்குவம் வராது, அதில் ஃப்ளோரைடும் இல்லை. பல்பொடியில் கரகரப்பான துகள் இருந்தால் எனாமல் தேயும். விரலால் தேய்ப்பதால் பற்களின் இடுக்குக்கும் எட்டாது. கரியும் செங்கல் பொடியும் சாம்பலும் வேண்டவே வேண்டாம்.

பல்லில் பூச்சி இருக்கிறது என்று புகை போட்டு எடுக்கிறார்களே, அது உண்மையா?

சொத்தையைப் "பூச்சிப்பல்" என்று சொல்வது மொழி வழக்கு. உள்ளே பூச்சி எதுவும் இல்லை. கண்டங்கத்திரி விதையைச் சுட்டு வாய்க்குள் புகை பிடிக்க வைத்தபின் விழுவதாகக் காட்டப்படும் வெள்ளைத் துணுக்குகள் பல்லிலிருந்து வந்தவை அல்ல. சில நாள் வலி மட்டுப்படலாம். வலி நின்றதற்குப் பல்லின் நரம்பு செத்துப்போனதும் காரணமாக இருக்கலாம். சூட்டில் உதடும் அண்ணமும் வெந்துபோகும் ஆபத்தும் உண்டு.

வலி வருவதற்கு முன்பே வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

மாதம் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈற்றை ஒட்டி, பல்லின் குறுக்கே, பளபளப்பில்லாத வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுவே சொத்தையின் முதல் அறிகுறி. இந்த நிலையில் துளை விழவில்லை. ஃப்ளோரைடு வார்னிஷ் பூசியும் பழக்கங்களை மாற்றியும் அதைத் திருப்பிவிட முடியும். அடுத்தது மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஓட்டை. இரும்புச் சத்துச் சொட்டு மருந்து குடிக்கும் குழந்தைகளுக்குப் பல் மேல் கருமை படியலாம். அது வெறும் கறை, துடைத்து எடுத்துவிடலாம்.

முதல் முறை பல் மருத்துவரிடம் காட்ட வேண்டியது ஒரு வயதில். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

ஆறு வயதில் பின்னால் ஒரு புதுப் பல் வந்திருக்கிறது. அதுவும் பால் பல்தானே?

இல்லை. பலரும் ஏமாறும் இடம் இது. ஆறு வயதையொட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முளைக்கும் அந்தக் கடைவாய்ப் பல் நிரந்தரமானது. ஆயுள் முழுவதும் இருக்க வேண்டியது. ஒன்று விழுந்துதான் ஒன்று முளைக்கும் என்று நினைப்பதால் வீட்டில் யாரும் அதன் வருகையைக் கவனிப்பதில்லை. அது முழு உயரத்துக்கு வர மாதக்கணக்காகும். அதுவரை பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்திருப்பதால் பிரஷ் அதன் மேல் படாமலே ஓடிவிடும். பிரஷ்ஷைக் குறுக்குவாட்டில் திருப்பி உள்ளே விட்டு அதைத் தனியாகத் துலக்க வேண்டும். அதன் ஆழமான பள்ளங்களைச் சீலன்ட் என்னும் பூச்சால் அடைத்துவிடலாம். ஊசியோ, துளையிடுவதோ, வலியோ இல்லை. கையில் பணம் குறைவாக இருந்து ஒரே ஒரு தடுப்பு வேலைதான் செய்துகொள்ள முடியும் என்போருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

பால் பல்லுக்கு வேர் சிகிச்சை, கேப் என்கிறார்கள். உண்மையிலேயே தேவையா, பணம் பறிக்கிறார்களா?

சந்தேகப்படுவதில் தவறில்லை, எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். சொத்தை நரம்பை எட்டாத வரை அடைப்பது போதும். எட்டிவிட்டால் நரம்புச் சிகிச்சை செய்து ஸ்டீல் கேப் போடுவது, அந்தப் பல் விழ இன்னும் பல ஆண்டுகள் இருக்கும்போது பொருள் உள்ளதே. நாற்காலியில் உட்கார மறுக்கும் சின்னக் குழந்தைக்குச் சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்ற திரவத்தைத் தொட்டு வைத்துச் சொத்தை பரவுவதை நிறுத்தலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். கடைவாய்ப் பால் பல்லைப் பிடுங்க நேர்ந்தால், இடம் அடைபடாமலிருக்கக் கம்பி வளையம் வைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

பற்கள் இரண்டு வரிசையாக முளைக்கின்றன. முன்பல்லில் பெரிய இடைவெளியும் இருக்கிறது. கிளிப் போட வேண்டுமா?

கீழ் முன்பல் விழாமலிருக்க, அதன் பின்னால் புதுப் பல் எட்டிப்பார்ப்பது ஆறேழு வயதில் சாதாரணம். பழைய பல் ஆடினால் தானே விழும். ஆடாமல் இரண்டு மூன்று மாதம் நின்றால் எடுத்துவிடலாம், பின்னால் இருப்பதை நாக்கு முன்னால் தள்ளிவிடும். மேல் முன்பற்களின் நடு இடைவெளி, 11, 12 வயதில் கோரைப் பற்கள் வரும்போது பெரும்பாலும் மூடிக்கொள்ளும். விரல் சூப்புவது மூன்று, நான்கு வயதுக்குள் நின்றுவிட்டால் கவலையில்லை; நிரந்தர முன்பற்கள் வந்த பிறகும் தொடர்ந்தால் பற்கள் முன்னுக்குத் தள்ளப்படும். வேப்பெண்ணெய் தடவி அழவைப்பதைவிட, எந்த நேரத்தில் சூப்புகிறது என்று கவனித்து அப்போது கைக்கு வேலை கொடுப்பது பலன் தருகிறது.

விளையாடும்போது விழுந்து பல் வெளியே வந்துவிட்டால்?

பால் பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது. அடியிலுள்ள பல் பாதிக்கப்படும். நிரந்தரப் பல் என்றால் நிமிடங்களில் செயல்பட வேண்டும். பல்லை வேர்ப் பக்கம் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் சில நொடிகள் பாலிலோ தண்ணீரிலோ காட்டுங்கள். தேய்க்கவோ துடைக்கவோ வேண்டாம். பழைய குழியிலேயே திரும்பப் பொருத்தி, ஒரு சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் செய்து மருத்துவரிடம் ஓடுங்கள். பொருத்தத் துணிவில்லை என்றால் காய்ச்சி ஆறவைத்த குளிர்ந்த பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். அரை மணி நேரத்துக்குள் வந்தால் அந்தப் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் காயவைத்துக் கொண்டுவருகிறார்கள். அதில் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் செத்துவிடுகின்றன.

நள்ளிரவில் பல் வலி என்றால் என்ன செய்வது?

வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிக்க வைத்து, இடுக்கில் சிக்கிய உணவை எடுத்துவிட்டு, எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுங்கள். லவங்கத் தைலத்தைச் சொட்டாக விட்டால் குழந்தையின் ஈறு வெந்துவிடும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. கன்னம் வீங்கியிருந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். வீக்கத்தோடு காய்ச்சல் இருந்தாலோ, கண்ணுக்குக் கீழோ தாடைக்கு அடியிலோ வீக்கம் பரவினாலோ, விழுங்கவோ வாயைத் திறக்கவோ சிரமப்பட்டாலோ விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பல் மருத்துவர் என்றாலே அலறுகிறாள். எப்படி அழைத்து வருவது?

"சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று வீட்டில் மூன்று ஆண்டுகள் மிரட்டிவிட்டு, நான்காம் ஆண்டு எங்களிடம் அழைத்துவந்து "மாமா ஒன்றும் செய்யமாட்டார்" என்றால் எந்தக் குழந்தையும் நம்பாது. வலி வருவதற்கு முன்பே ஒருமுறை அழைத்துவந்து நாற்காலியில் ஏறி இறங்கவிடுங்கள். தூக்கக் கலக்கம் இல்லாத காலை நேரம் நல்லது. ஊசி இல்லை என்று பொய் வாக்குறுதி தராதீர்கள். "பல்லை எண்ணிப் பார்ப்பார்கள்" என்பதற்கு மேல் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், மற்றதை மருத்துவர் சொல்லட்டும்.

அரசு மருத்துவமனையில் இவையெல்லாம் கிடைக்குமா?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கெனத் தனித் துறையே இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழு பற்களையும் பார்க்கிறது. குழந்தையின் கையில் பரிந்துரைச் சீட்டு கொடுத்து அனுப்பியிருந்தால் அதைப் பைக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள்.

விழுந்த பால் பல்லை என்ன செய்வது?

சாணி உருண்டையில் பொதிந்து கூரை மேல் எறிவது எங்கள் பக்கத்து வழக்கம். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் பூந்தொட்டியில் புதைக்கிறார்கள். இரண்டிலும் தவறில்லை. ஆனால் எறியும் முன் கழுவி, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வேரில்லாமல் மொட்டையாகவும் குடைந்தும் இருந்தால் பயப்பட வேண்டாம். புதுப் பல் வரும்போது வேர் கரைந்துவிடுவது இயல்பு. பக்கவாட்டில், அடுத்த பல்லோடு உரசிக்கொண்டிருந்த இடத்தில் கரும்புள்ளியோ குழியோ தெரிந்தால் மட்டும், வாயில் அதற்குப் பக்கத்தில் நிற்கும் பல்லின் அதே இடத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அது வெளியே தெரியும் வாய்ப்பு, இந்தப் பல் விழுந்த பிறகுதான் கிடைத்திருக்கிறது.